செவ்வாய்க்கிழமை நொத்தாரிசு

"கண்ணை மூடும்," என்றார் பத்திநாதர்.

எதிரே கதிரையில் இருந்த சுருவில் அப்புத்துரை கண்ணை மூடினார். எழுபது வயதுத் தோட்டக்காரர். தோளில் சால்வை. பத்திநாதர் காணி உறுதிப் பத்திரத்தின், இன்னும் ஒப்பம் விழாத நகலை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரித்து என்று போய்க்கொண்டிருந்தது. அவருடைய கண் தாளில் இல்லை. அப்புத்துரையின் தொண்டையில் இருந்தது. மூத்த மகனின் பெயர் வந்தது. தொண்டை ஒரு முறை மேலே ஏறிக் கீழே இறங்கியது. பத்திநாதர் வாசிப்பதை நிறுத்தினார். பேனை மூடியை எடுத்துத் திருகிப் பூட்டினார்.

"இண்டைக்கு இவ்வளவும் காணும். வீட்டை போம்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே ஐயா?"

"நீர் சொல்லேல்லை. தொண்டை சொன்னது. ஒரு கிழமை படுத்தெழும்பிப்போட்டு வாரும்."

"பஸ்ஸுக்குக் காத்து நிண்டு வந்தனான். இண்டைக்கே முடிச்சுப்போடுவம்."

"முடிக்கிறது பெரிய வேலையே? ஒரு ஒப்பம். பேந்து மூத்தவன்ரை முகத்திலை முழிக்கிறது நானோ, நீரோ?"

அப்புத்துரை சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார். வாசலில் நின்ற என்னிடம், "உறுதி முடிக்க வந்தால் பரியாரி மாதிரி நாடி பிடிக்கிறார் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆள் நான். அது வைகாசி மாதம். என் தகப்பனார் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பத்திநாதர் ஊர்காவற்றுறையில் பிரசித்த நொத்தாரிசு, காணி உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். வயது அறுபத்திரண்டு. கோயிலுக்குப் பின்வீதியில் வீடு. வீட்டின் முன்னறைதான் கந்தோர். ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. சுவரில் மாதாவின் படம். மேசையில் கறுப்பு உருளைத் தடி ஒன்று கிடக்கும். கோடு போடுவதற்கு அதை அவர் எடுத்து நான் காணவில்லை. உறுதியில் ஒப்பம் விழும் நேரம் வந்தால் அந்தத் தடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். சுவருக்கு அந்தப் பக்கம் நடராசாவின் தையற்கடை. இயந்திரம் நிற்கும். நடராசா சேட்டில் நூல் ஒட்டியபடி வருவார். கடைக்குத் துணி கொண்டுவந்த யாரோ ஒருவரும் பின்னால் வருவார். சாட்சி இரண்டும் வந்தாயிற்று. இரண்டு தட்டுக் கேட்டால் ஊர்காவற்றுறையில் ஒரு காணி கைமாறுகிறது என்று அர்த்தம்.

ஒப்பம் விழுந்தபின் உறுதியின் அடியில் நொத்தாரிசின் அத்தாட்சி எழுதவேண்டும். எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது புதிதாகச் செருகப்பட்டது என்று அதில் காட்டவேண்டும். இது சட்டம். பத்திநாதருக்கு அது மானப் பிரச்சினை. "முப்பத்தொரு வருசத்திலை மூண்டு வெட்டு," என்று மூன்று விரலைக் காட்டுவார். "அதிலையும் ஒண்டு பூனை மைக்கூட்டைத் தட்டினது." வீட்டுச் சாமான் துண்டில்கூட அவர் ஒரு சொல்லை வெட்டுவதில்லை. சீனி வாங்கவேண்டாம் என்று மனம் மாறினால் வேறு துண்டு எழுதுவார்.

காணியைப் பார்க்காமல் உறுதி எழுதமாட்டார். எல்லை வேலிக்குக் கிட்டப் போனதும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுப்பார். வெறுங்காலோடு நாலு மூலையும் நடப்பார். எது மணல், எது களி, எங்கே அடியில் கல் கிடக்கிறது என்று பாதத்தால் பார்ப்பார். "படம் ஆயிரம் சொல்லும். கால் சொல்லுறதைச் சொல்லாது," என்றார் என்னிடம்.

நான் அனுராதபுரம் நில அளவைக் கந்தோரில் படவரைஞன். பதினேழு வருட சேவை.

இவ்வளவையும் நான் கவனித்தது இவர் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. எரிச்சலால். ஒரு மனிதனில் பொறாமை வந்துவிட்டால் அவனுடைய நகம்கூடக் கண்ணில் படும். பத்திநாதரின் நகம் வட்டமாக, சுத்தமாக வெட்டப்பட்டிருக்கும். அவர் தேத்தண்ணி குடிக்கும்போது பனங்கட்டியைக் கடிப்பதில்லை. இடது கன்னத்தில் ஒதுக்கிவைத்து மெல்லக் கரைப்பார். என் தகப்பனாரும் அப்படித்தான், அதே இடது கன்னம். யாரிடமிருந்து யார் பழகினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.

என் தகப்பனார் சரவணமுத்து. புளியங்கூடல். மாத்தறையில் கடை வைத்திருந்தார். ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு, ஆனியில், ஒரு றங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்தார், திரும்பிப் போகவில்லை. மூன்று வருடத்தில் அம்மா இறந்தார். அறுபத்து மூன்றில் தங்கை மீனலோசனியின் கல்யாணம். வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அப்பா அந்த வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தார். மிஞ்சியது நாவலடி என்ற காணி. கடை நடந்த காலத்தில் வாங்கியது. பதினொரு பரப்பு. நாற்பத்தொரு பனை. ஒரு கிணறு.

அந்தக் கிணறு நல்ல தண்ணீர். தீவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பத்துக் கிணற்றில் எட்டு உவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்க ஏலாது. தங்கை வீட்டுக் கிணறும் உவர்தான். குடிதண்ணீருக்கு அவள் வேலிப் பொட்டு என்ற இடைவெளியால் புகுந்து நாவலடிக்குத்தான் வரவேண்டும்.

அறுபத்தாறில் அப்பா பத்திநாதரிடம் போகத் தொடங்கினார். நாவலடியை என்ன செய்வது என்று எழுத. ஒரு உறுதிக்கு ஒரு நாள் காணும். மெதுவாக என்றால் ஒரு மாதம். அப்பா எட்டு வருடம் போனார். கிழமைக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை காலையில், சைக்கிளில். கைபிடியில் ஒரு போத்தல் தொங்கும். நாவலடித் தண்ணீர். பத்திநாதரின் கிணறும் உவர். இருவரும் குடித்த தேத்தண்ணி என் தகப்பனாரின் கிணற்றுத் தண்ணீரில் போட்டது.

நான் கணக்கு வைத்துப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கு ஒன்றரை மணித்தியாலம். மழை, நோய், கோயில் திருவிழா எல்லாம் கழித்து வருடத்துக்கு நாற்பது செவ்வாய். எட்டு வருடத்தில் நானூற்றெண்பது மணித்தியாலம். வேலை கிடைத்தபின் நான் அப்பாவோடு பேசிய நேரத்தை எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் நாற்பது வராது. லீவில் வந்தால் "வந்தனியோ?" என்பார். போகும்போது "போட்டு வா," என்பார். தபாலட்டையில் மூன்று வரி: மழை இல்லை. மீனா சுகம். உடம்பைப் பார். அவர் கதைக்காத மனிதர் என்று நான் நினைத்திருந்தேன். கதைத்திருக்கிறார். இடம்தான் வேறு.

மாசியில் ஒரு புதன்கிழமை தந்தி வந்தது. நான் வந்து சேர்ந்தபோது பந்தல் போட்டாயிற்று. படலைக்கு வெளியே குடையோடு நின்ற பத்திநாதரை அன்றுதான் முதலில் பார்த்தேன். என் கையைப் பிடித்து, "நேற்று வந்தவர். மூச்சு வாங்கினது. போன மாசமும் வாங்கினது. பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டு சொன்னனான்," என்றார்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது எனக்குத் தெரியாது. அவருடைய பிடியிலிருந்து என் கையை எடுத்துவிட்டேன். அழாமல் நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எரிச்சல் முன்னால் வந்துவிட்டது. மூன்று மாதமாகியும் அது நகரவில்லை.

அந்த வைகாசி நாளில் அப்புத்துரை எழும்பிப்போன கதிரையில் நான் உட்கார்ந்தேன். "நீர் சரவணமுத்தரின்ரை படம் கீறுற மகன்," என்றார் பத்திநாதர். தேத்தண்ணி வந்தது. உவர்ப்பு நாக்கில் பட்டது. போத்தல் வருவது நின்றுபோயிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் நகல்களைப் பார்க்கவேண்டும்.

"நகல் என்னட்டை இல்லை. ஒப்பம் விழாத கடுதாசியை நான் வைச்சிருக்கிறேல்லை. எழுதுவிச்சவரிட்டையே குடுத்துப்போடுவன். கொப்பர் மடிச்சுப் பொக்கற்றுக்கை வைப்பார்."

மடித்த நகலுக்கு அதன் பிறகு நடந்தது மீனா சொல்லி எனக்குத் தெரியும். சில செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் அப்பா தானே குசினிக்குள் போய் ஒரு கடுதாசியைக் கொளுத்தி அடுப்பு மூட்டுவாராம். கடுதாசி எங்கே எடுத்தார் என்று அவள் கேட்டதில்லை.

"எத்தினை நகல் எழுதினீங்கள்?"

"ஏழு."

"என்ன எழுதினது?"

"அது அவற்றை கதை. அவர் இல்லை. நான் ஆர் சொல்ல?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏழிலையும் கிணறுதான் இடைஞ்சல்," என்று மட்டும் சேர்த்தார். "காணி உமக்கெண்டதிலை அவருக்கு மயக்கமில்லை. தண்ணி?"

உறுதி எழுதப்படாததால் சட்டம் தன்பாட்டில் வேலை செய்துவிட்டது. சீதனம் வாங்கிய பெண்ணுக்குத் தாய் தகப்பனின் மிச்சத்தில் பங்கில்லை என்பது எங்கள் தேசவழமை. நாவலடி, பனை, கிணறு எல்லாம் எனக்கு. நான் அனுராதபுரத்தில் குழாய்த் தண்ணீர் குடிக்கிறேன். என் தங்கை என் அனுமதியோடு குடிக்கிறாள்.

"ஏன் செவ்வாய்?" என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் செவ்வாயில் உறுதி முடிப்பதில்லை. நல்ல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. அப்பாவுக்கு அது தெரியாமல் இராது.

பத்திநாதர் முதல்முறையாகச் சிரித்தார். "நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எனக்குச் செவ்வாயும் ஒண்டு, புதனும் ஒண்டு. ஆனா உங்கடை ஆக்கள் வராயினம், எனக்கு வெறும் நாள். கொப்பர் முதல் தரம் செவ்வாயிலை வந்து இருந்தார். எனக்கு அண்டைக்கே விளங்கியிட்டுது. ஒப்பம் வைக்கிற எண்ணம் உள்ளவன் புதனிலை வருவான். செவ்வாயிலை வாறவன் கதைக்க வாறான்."

மேசையில் அவருடைய நாட்குறிப்பு விரிந்து கிடந்தது. செவ்வாய்க்கு நேரே நீல மையில் "சரவணமுத்து" என்று எழுதியிருந்தது. அது வரப்போகும் செவ்வாய். என் கை போய்ப் பக்கத்தைப் புரட்டியது. அடுத்த செவ்வாயிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"தைப்பொங்கலுக்கு முதலே வருசம் முழுக்க எழுதிப்போடுவன்," என்றார். "வெட்டச் சொல்லுறீரோ?"

நான் கையை எடுத்தேன். அவர் நாட்குறிப்பை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அலுமாரியைத் திறந்து ஒரு சுருளை எடுத்துத் தந்தார். "நகல் இல்லை. இது கிடக்கு. உமக்குத்தான் சேரவேணும்."

விரித்துப் பார்த்தேன். நாவலடியின் நில அளவைப் படம். யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவர் அளந்து கீறியது. எழுபதாம் ஆண்டு. வடதிசை அம்பு தடித்திருந்தது. எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவரவில்லை. கிணற்றுக்குப் போட்ட வட்டத்தின் கோடு ஓரிடத்தில் முட்டாமல் விலகியிருந்தது. தொழில் பொறாமை என்று வாசகர்கள் நினைக்கலாம். அதுவும்தான். என் தகப்பனார் ஒரு படவரைஞனைப் பெற்று வளர்த்துவிட்டுத் தன் காணிக்கு வேறொருவரிடம் படம் வாங்கியிருந்தார்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"நான்தான் மறிச்சனான். பங்கு எடுக்கிறவன் கோடு கீறக்கூடாது. அண்ணை தன்ரை பக்கம் ஒரு அடி கூட்டிக் கீறிப்போட்டார் எண்டு அந்தப் பிள்ளை நினைச்சால்? நினையாது. நினைச்சால்?"

"அப்பா என்ன சொன்னவர்?"

"விருப்பமில்லாமல்தான் ஓமெண்டவர். படம் வந்த அண்டைக்கு இதிலை விரிச்சு வைச்சுக் கனநேரம் பாத்தார். 'எங்கடை பெடியன்ரை எழுத்தெண்டால் அச்சடிச்ச மாதிரி இருக்கும்' எண்டார்."

என் எழுத்தைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் அதைப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்குச் செய்தி. எனக்குச் சொந்தமான ஒரு வசனம் நாலு வருடமாக இந்த அறையில், இந்த மனிதரிடம் கிடந்திருக்கிறது. சந்தோஷப்படவேண்டிய இடம் அது என்று தெரிந்தது. மேசையைத் தள்ளிவிடவேண்டும் போல இருந்தது.

எழும்பிவிட்டேன். வாசலில் நின்று, வந்தபோதே கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஏழு தரம் வாசிச்சீங்கள். ஏழு தரமும் நிப்பாட்டினீங்கள். ஆற்றை பேரிலை அவற்றை தொண்டை அசைஞ்சது? என்ரை பேரிலையோ, மீனாவின்ரை பேரிலையோ?"

"இதைக் கேக்கத்தான் லீவு போட்டு வந்தனீரோ?"

"ஓம்."

அவர் கன்னத்தில் இருந்த பனங்கட்டியை மறுபக்கம் மாற்றினார். "உம்மடை பேரிலை நாலு தரம். அந்தப் பிள்ளையின்ரை பேரிலை மூண்டு தரம்."

நாலு, மூன்று. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். முப்பத்தேழு வயது, அரச உத்தியோகம், இரண்டு பிள்ளைகள். தங்கையை ஒன்றால் வென்றுவிட்டேன் என்று ஜன்னலோரம் இருந்து நினைத்தேன். அல்லைப்பிட்டி தாண்டும்போதுதான் மற்ற யோசனை வந்தது. தொண்டை அசைவது எதற்கு? பிரியத்துக்கா, தயக்கத்துக்கா? தயக்கத்துக்கு என்றால் நான் ஒன்றால் தோற்றிருக்கிறேன்.

அந்தக் கேள்வியைத் தீர்க்க ஏலாது. ஆனால் ஒன்று செய்யலாம் என்று பட்டது. அப்பா எட்டு வருடம் பத்திநாதரோடு இருந்து முடிக்காததை நான் ஒரு காலையில் முடித்துக்காட்டலாம்.

ஆவணியில் மறுபடி லீவு எடுத்தேன். சங்கிலியும் நாடாவும் கொண்டு நாவலடிக்குப் போனேன். மீனா குடத்தோடு வேலிப் பொட்டால் வந்தாள். நான் கிணற்றின் விட்டத்தை அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விக்கப்போறீங்களோ அண்ணை?"

"இல்லை. உனக்குப் பாதிக் கிணறும் ஆறடிப் பாதையும் எழுதப்போறன். நாடாவைப் பிடி."

அவள் குடத்தை வைத்தாள். நாடாவின் நுனியைப் பிடித்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பா செவ்வாய்க்குச் செவ்வாய் இந்தக் கிணத்துத் தண்ணியைப் போத்தல்லை அடைச்சு ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோவார். அடைக்கிறது நான்," என்றாள். "ஒரு நாள் கேட்டனான், என்னப்பா எழுதுறியள் எண்டு. 'தம்பி வரட்டும்' எண்டார். எப்பவும் உங்களைத்தான். உங்களுக்குப் படிப்பு. எனக்கு உவர்க்கிணறு. இப்ப பாதிக் கிணறு. எழுதுங்கோ, எழுதுங்கோ."

நாடா இழுவிசை குறையாமல் இருந்தது. ஏழு அடி நாலு அங்குலம். அப்பாவின் நானூற்றெண்பது மணித்தியாலத்துக்கு நான் எரிந்துகொண்டிருந்தேன். இவள் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். இரண்டு பேரையும் அவர் அறிந்திருப்பார். அதனால்தான் சைக்கிளை எடுத்திருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றியது. நாடாவைச் சுருட்டினேன்.

மூன்று நாள் இருந்து படம் கீறினேன். கந்தோரில் தமிழ் எழுத்தில் படம் எழுதி வருடக் கணக்காகிவிட்டது. கை முதலில் தடுமாறியது. "நாவலடி" என்ற நாலெழுத்தை ஒரு தனித்தாளில் இருபது தரம் எழுதிப் பழகினேன். கிணற்றின் வட்டம் சரியாக முட்டியது.

புதன்கிழமையாகப் பார்த்துப் போனோம். மீனா நன்கொடையை ஏற்று ஒப்பமிடவேண்டும் என்பதால் அவளும் வந்தாள். கையில் ஒரு போத்தல். பத்திநாதர் முதலில் போத்தலைப் பார்த்தார். எழும்பி இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு வந்தார். பிறகு படத்தை விரித்தார்.

"எடுக்கிறவன் கீறக்கூடாது எண்டு சொன்னீங்கள்," என்றேன்.

"குடுக்கிறவன் கீறலாம்." கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்குக் கிட்டக் குனிந்தார். எழுத்தின் மேல் படாமல் விரலை ஓட்டினார். "அச்சடிச்ச மாதிரித்தான் கிடக்கு," என்றார்.

உறுதியை எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. தேத்தண்ணி வந்தது. இந்த முறை உவர்ப்பு இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியான பஸ்ஸைப் பிடிக்கலாம். நாளை மறுநாள் கந்தோருக்குப் போகவேண்டும்.

"கண்ணை மூடும்."

"எனக்கெதுக்கு ஐயா? நானே யோசிச்சு வந்தது."

"தலை யோசிச்சது. மூடும்."

மூடினேன். சுவருக்கு அப்பால் நடராசாவின் இயந்திரம் ஓடுவது கேட்டது. மீனாவின் வளையல் ஒருதரம் அசைந்தது. பத்திநாதர் வாசித்தார். அனுராதபுரம் நில அளவைக் கந்தோரில் படவரைஞராகிய சரவணமுத்து குலசிங்கம் என்னும் நான், எனது சகோதரியாகிய மீனலோசனிக்கு, அவள்மீது எனக்குள்ள அன்பையும் பட்சத்தையும் முன்னிட்டு. அது எல்லா நன்கொடை உறுதியிலும் வரும் வாசகம், நான் அசையவில்லை. மீனாவின் பெயர் கடந்துபோனது. கிணறு கடந்துபோனது. ஆறடிப் பாதை, தெற்கு எல்லை, வடக்கு எல்லை. இன்னும் ஒரு பக்கம்தான். சுவரில் விழப்போகும் இரண்டு தட்டுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மேற்படி காணியானது, எனது தகப்பனாராகிய, காலஞ்சென்ற மார்க்கண்டு சரவணமுத்து என்பவரிடமிருந்து..."

குரல் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டுக் கேட்கவில்லை. பேனை மூடி திருகும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். "நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன்.

"ஓம், நீர் சொல்லேல்லை."

"நாளையோடை லீவு முடியுது ஐயா."

"முடியட்டும். பேந்து எடும். தண்ணி அள்ளுறதை ஒருத்தரும் மறிக்கேல்லைத்தானே. என்ன பிள்ளை?"

"இல்லை ஐயா," என்றாள் மீனா. அவள் சேலைத் தலைப்பை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்தேன்.

பத்திநாதர் உறுதியை மடித்து என் முன்னால் வைத்தார். உருளைத் தடியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். நாட்குறிப்பை எடுத்துப் பக்கம் புரட்டினார். அடுத்த கிழமை. செவ்வாய்க்கு நேரே தையில் எழுதிய பெயர் நீல மையில் அப்படியே இருந்தது. பேனை மூடியை மறுபடி கழற்றினார். அந்தப் பெயருக்குப் பக்கத்தில், ஒரு சொல் இடைவெளி விட்டு, குலசிங்கம் என்று எழுதினார்.